தேரின் வெற்றியா, பாகனின் வெற்றியா? — காடிக் கார்ப் பந்தய வரலாறு

பந்தயத்தில் வென்றவர் யார் என்று கேட்டால், ஓட்டியவர்தாம் என்று இன்று எவரும் தயங்காமல் விடை கூறுவர். பழங்காலத்துக் கிரேக்கர் அவ்வாறு கூறினாரிலர். ஒலிம்பியாவில் நடைபெற்ற நாற்குதிரைத் தேரோட்டத்தில் முடி சூட்டப்பெற்றவர் தேருக்கும் குதிரைகளுக்கும் உரியவரே. கடிவாளம் பிடித்துப் புழுதியில் உழன்று உயிரைப் பணயம் வைத்த பாகனுக்கு அந்த முடி உரியதன்று. இந்த வழக்கம் இருந்ததனாலேதான், ஸ்பார்ட்டா நாட்டு அரசன் ஆர்க்கிடாமசின் மகள் கினிஸ்கா, கி.மு. 396-இலும் 392-இலும் இருமுறை ஒலிம்பிய வெற்றியாளர் ஆனாள். பெண்ணொருத்தி களத்தில் இறங்கிப் போட்டியிட இடமில்லாத விழா அது. அவள் தன் குதிரைகளை அனுப்பினாள், அவை வென்றன, ஒலிம்பியாவில் அவள் பெயரால் கல்வெட்டும் எழுந்தது. அதற்கு இருபது ஆண்டு முன்னர், கி.மு. 416-இல், ஏதென்ஸ் நகரத்து அல்கிபியாதீஸ் ஒரே பந்தயத்துக்கு ஏழு தேர்களை அனுப்பி முதலிடத்தையும் இரண்டாம் இடத்தையும் தனதாக்கிக்கொண்டான். ஏழு தேரையும் ஒருவனே ஓட்டியிருக்க முடியாது என்பதை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும் வெற்றி அவன் ஒருவன் பெயரிலேயே நிற்கிறது. கடிவாளம் பிடித்தவர்களை எவரும் பேசுவதில்லை.

தமிழ்ப் புலவர் பாகனை அவ்வாறு மறந்தவர் அல்லர். வினை முற்றி மீளும் தலைவன் தேர்ப்பாகனை விளித்துப் பேசுவதற்கென்றே முல்லைத் திணையில் ஒரு துறை வகுத்திருக்கின்றனர். தேர் விரைந்து வீடு சேர்ந்ததன் நன்றி பாகனுக்கும் உரியது என்பது அவர்கள் கொள்கை.

தேர் பெரிதா, பாகன் பெரியவனா என்னும் இந்தப் பழைய வழக்கு, இருபத்து நான்கு நூற்றாண்டு கழிந்த பின்னர், உள்ளங்கை அளவுள்ள ஒரு விளையாட்டுப் பொருளில் மறுபடியும் தலைதூக்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஸ்லாட் கார்' என்று வழங்கும் சிறு மின்சாரக் கார்களே அப்பொருள். ஒருவர் தம் வீட்டில் அமர்ந்து காரைச் செய்து பெட்டியில் இட்டு அஞ்சலில் அனுப்புவார். வேறோர் ஊரில் வேறொருவர் அதை எடுத்து ஓட்டுவார். பின்னர் அந்தக் கார் அடுத்த ஊருக்குச் செல்லும். எல்லா ஊர்ப் பாதைகளிலும் ஓடி முடிந்த பிறகு மொத்தக் கணக்கில் முந்தி நிற்கும் காரைச் செய்தவர் வெற்றியாளர். பதிலாள் பந்தயம் என்று இதைக் கூறலாம். பெரியவர்கள் பொழுது போக்கும் சிறு விளையாட்டு என்று இதைத் தள்ளிவிட எண்ணுபவர், இது எந்த வீழ்ச்சிக்குப் பின் எவ்வாறு எழுந்தது என்பதை அறிந்தால் அவ்வாறு தள்ளமாட்டார்.

காடியும் நாக்கும்

மரப்பலகையாலேனும் பிளாஸ்டிக் துண்டுகளாலேனும் அமைந்த ஓடுபாதையில், தச்சர் கதவுச் சட்டத்தில் வெட்டும் காடியைப் போன்ற குறுகிய பள்ளம் நெடுகச் செல்லும். காரின் மூக்குக்கு அடியில் சிறு நாக்கு ஒன்று உண்டு. அது காடிக்குள் இறங்கி நிற்கும். காடியின் இருமருங்கிலும் மின்சாரம் பாயும் உலோகப் பட்டைகள் பதிந்திருக்கும். நாக்கின் இருபுறமும் தொங்கும் செம்புப் பின்னல்கள் அப்பட்டைகளைத் தடவிக்கொண்டே சென்று, ஏறக்குறைய 12 வோல்ட் அளவுள்ள மின்சாரத்தைக் காரினுள் இருக்கும் மோட்டாருக்குச் சேர்க்கும். ஆடுபவர் கையில் விசைப்பிடி ஒன்று இருக்கும். விசையை அழுத்த அழுத்த அதனுள் இருக்கும் மின்தடை குறையும், கார் விரையும். தளர்த்தினால் வேகம் தணியும். திசையைக் காடி பார்த்துக்கொள்கிறது. வேகத்தை மனிதர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திருப்பும் வேலையே இல்லாத வண்டியை ஓட்டுவதற்குத் திறமை எதற்கு என்று கேட்கத் தோன்றும். வளைவில் சிறிது வேகம் மிகுந்தால் காரின் பின்பக்கம் வெளியே வீசும்; மேலும் மிகுந்தால் நாக்கு காடியைவிட்டு எழும்பும்; கார் பாதையை விட்டுத் தெறித்துவிடும். அஞ்சிக் குறைத்தாலோ அடுத்த தடத்துக் கார் முந்திச் செல்லும். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மயிரிழை அளவு. அதில் விரலை நிறுத்தி வைப்பதே ஓட்டும் கலை. காரை நிறுத்தும் முறை இன்னும் நுட்பமானது. விசையை முழுதும் விட்டதும் மோட்டாரின் இரு முனைகளும் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. அதுவரை மின்சாரத்தைப் பெற்றுச் சுழன்ற மோட்டார், அக்கணமே மின்சாரத்தைப் பிறப்பிக்கும் பொறியாக மாறி, தான் பிறப்பித்த மின்சாரத்தாலேயே தன் சுழற்சியை அடக்கிக்கொள்கிறது. தடைக்கட்டை என்று தனியே எதுவும் காரில் இல்லை. பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இக்கார்கள் உண்மைக் காரின் 24-இல் ஒரு பங்கு, 32-இல் ஒரு பங்கு என்னும் கணக்கில் செய்யப்படுகின்றன. அவற்றினும் சிறியனவும் உண்டு. நான்கு மீட்டர் நீளமுள்ள கார் 32-இல் ஒரு பங்காகச் சுருங்கினால் பன்னிரண்டரை சென்டிமீட்டர் ஆகும். ஓர் எழுதுகோலின் நீளந்தான்.

தகரக் காருக்கு வந்த மின்சாரம்

பொம்மை ரயில்களால் புகழ்பெற்ற லயனல் என்னும் அமெரிக்க நிறுவனம் 1912-இலேயே மின்சாரத்தால் ஓடும் பந்தயக் கார்களை விற்பனைக்குக் கொணர்ந்தது. அவை சில ஆண்டுகளுக்கு மேல் நிலைக்கவில்லை. விதை முளைக்காமல் நாற்பதாண்டு மண்ணுக்குள் கிடந்தது என்று கொள்ளலாம்.

மீண்டும் முளைத்த இடம் இங்கிலாந்து. சவுத்போர்ட் நகரத்து மாதிரிப் பொறியியற் சங்கத்தார் திறந்தவெளிப் பாதை ஒன்றில் மாதிரிக் கார்களை ஓட்டி வந்தனர். அந்த இடம் கைவிட்டுப் போகும் நிலை 1954-இல் ஏற்பட்டது. கூரைக்குள் ஓட்டத்தக்க வழி ஒன்றைத் தேடிய உறுப்பினர் ஒருவர் மின்சாரக் கார் ஒன்றைச் செய்து காட்டினார். 1956-இல் அச்சங்கம் ஆறு தடங்கள் கொண்ட, ஏறத்தாழ 60 அடி நீளமான மின்சாரப் பாதையைத் திறந்தது. அதில் காடி கிடையாது. பாதையின் மேலே எழுந்து நின்ற தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு கார்கள் ஓடின. அதனால் அதைத் தண்டவாளப் பந்தயம் என்றே அழைத்தனர். காடி வெட்டும் முறை பிறகு வந்து, தண்டவாளத்தை ஒழித்தது. பாதையின்மேல் துருத்திக்கொண்டு நின்ற கம்பி மறைந்ததும், சிறு கார் உண்மையான சாலையில் ஓடுவது போன்ற தோற்றம் கிடைத்தது. தோற்றம் என்னும் இச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் வழக்கு முழுதும் அதைப் பற்றியதே.

இதே காலத்தில் ஃபிரெட் பிரான்சிஸ் என்னும் பொறியாளர், தாம் 1947-இல் தொடங்கிய மினிமாடல்ஸ் நிறுவனத்தின் வாயிலாகத் தகரத்தாற் செய்த பொம்மைக் கார்களை விற்று வந்தார். 1952-இல் வெளிவந்த அவருடைய 'ஸ்கேலெக்ஸ்' கார்களைத் தரையில் அழுத்திப் பின்னுக்கு இழுத்தால் உள்ளிருக்கும் சுருள்வில் முறுக்கேறும், விட்டால் ஓடும். சில ஆண்டுகளில் சிறுவர்க்கு அதில் சலிப்புத் தட்டியது, விற்பனை சரிந்தது. அப்போது பொருட்காட்சி ஒன்றில் மின்சாரத்தால் ஓடும் சிறு கார்களைப் பிரான்சிஸ் கண்டார் என்பர். அவை தாமே ஓடிக்கொண்டிருந்தன. பார்ப்பவர்க்கு அந்த ஓட்டத்தில் பங்கில்லை. ஆடுபவர் விரலுக்கும் காருக்கும் இடையே ஓர் உறவை உண்டாக்கிவிட்டால் போதும் என்று அவருக்குப் பட்டது. தம் தகரக் காருக்கு மோட்டார் பூட்டி, காடியில் ஓடி மின்சாரம் வாங்கும் உறுப்பொன்றை அடியில் அமைத்து, ரப்பரால் ஆன பாதையையும் உருவாக்கினார். 1957 ஜனவரியில் ஹாரகேட் பொம்மைச் சந்தையில் அது வெளிவந்தது. ஸ்கேலெக்ஸ் என்பதோடு எலெக்ட்ரிக் என்பதைச் சேர்த்து 'ஸ்கேலெக்ஸ்ட்ரிக்' என்று பெயரிட்டார். முதற் கார்கள் இத்தாலியப் பந்தயக் கார்களான மசராட்டியும் ஃபெராரியுமே.

வந்து குவிந்த தேவையைச் சமாளிப்பது சிறு நிறுவனத்துக்கு இயலாததாயிற்று. 1958-இல் பிரான்சிஸ் தம் நிறுவனத்தை லைன்ஸ் சகோதரர்களின் பெருநிறுவனத்துக்கு விற்றுவிட்டார். தகரம் போய்ப் பிளாஸ்டிக் வந்தது. உருவாக்கியவர் ஒருவர், பயன் துய்த்தவர் வேறொருவர் என்பது இந்த விளையாட்டின் பிறப்பிலேயே எழுதியிருந்தது போலும்.

அமெரிக்காவின் பெருவெள்ளம்

அட்லாண்டிக் கடலைத் தாண்டியதும் இவ்விளையாட்டின் அளவே மாறிவிட்டது. 1960-இல் அரோரா நிறுவனம் மேசைமேல் அடங்கும் மிகச் சிறிய கார்களை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அவை வீடுகளை நிரப்பின. பெரிய அளவுக் கார்களோ கடைத்தெருவுக்கு வந்தன. 1960-களின் நடுவில், அமெரிக்க நகரங்களில் ஆயிரக்கணக்கான பொதுப் பந்தயக் கூடங்கள் தோன்றின. மணிக்கணக்கில் வாடகை கொடுத்துச் சிறுவரும் பெரியவரும் அங்கே ஓட்டினர். அக்கூடங்களுக்கென்று செய்த பாதைகளில் 'நீல அரசன்' என்று பெயர்பெற்றது 155 அடிச் சுற்று நீளமும் எட்டுத் தடங்களும் உடையது. சிவப்பு, வெள்ளை, பச்சை, ஆரஞ்சு, நீலம், மஞ்சள், ஊதா, கறுப்பு என ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு நிறம். உட்தடமும் வெளித்தடமும் ஒத்தவை அல்ல. ஆகவே ஒவ்வொருவரும் எட்டு நிறத்திலும் முறை மாறி ஓட்டிய பிறகே மொத்தச் சுற்றுகளைக் கூட்டுவது வழக்கமாயிற்று. நேர்மைக்காக மேற்கொண்ட இந்த முறை இன்றுவரை மாறவில்லை.

அந்நாளில் ரெவெல், மோனோகிராம், காக்ஸ், ஸ்ட்ராம்பெக்கர் முதலிய நிறுவனங்கள் பெட்டி பெட்டியாகக் கார் உறுப்புகளை விற்றன. ஜப்பானிய மாபூச்சி மோட்டார்கள் மலிவாகக் கிடைத்தன. கையில் பற்றாசுக் கோல் ஏந்திய இளைஞர்கள் பித்தளைக் குழாய்களையும் கம்பிகளையும் ஒட்டித் தாமே அடிச்சட்டம் கட்டினர். மோட்டாரைப் பிரித்து, உள்ளிருக்கும் கம்பிச் சுருளை நீக்கி, தடித்த கம்பியைக் குறைந்த சுற்றுகளில் சுற்றி வேகம் கூட்டினர். மின்சாரம், உலோகம், பற்சக்கரக் கணக்கு ஆகியவற்றைப் பள்ளிக்கு வெளியே கற்பித்த பட்டறைகளாக அந்தக் கூடங்கள் விளங்கின.

இந்த வெள்ளம் நெடுநாள் நிற்கவில்லை. 1967, 1968 ஆண்டுகளில் கூடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. காரணம் பல. தேவைக்கு மேல் கூடங்கள் பெருகியது ஒன்று. ஆயினும் உள்ளிருந்தே அரித்த காரணம் வேகந்தான். வேகம் ஒன்றையே குறியாகக் கொண்டதும், உண்மைக் காரைப் போன்ற தோற்றம் சுமையாகத் தெரிந்தது. மேற்கூடு கண்ணாடித்தாள் போன்ற மெல்லிய பிளாஸ்டிக்காயிற்று; எந்த நாட்டுச் சாலையிலும் ஓடியிராத ஆப்பு வடிவங்கள் தோன்றின. அவற்றை அமெரிக்கரே 'திங்கி' என்று அழைத்தனர். பெயர் சொல்ல முடியாத ஏதோ ஒன்று என்பதே அதன் கருத்து. நிறுவனங்கள் தமக்கென ஓட்டுநர் குழுக்களை வைத்துக்கொண்டன. அவர்கள் கையில் இருந்த புது மோட்டாரின் முன், சிறுவன் மூன்று மாதம் காசு சேர்த்து வாங்கிய கார் ஒரே மாலையில் பழம்பொருளாயிற்று. தோற்றவன் மறுவாரம் வரவில்லை. அடுத்த வாரம் அவன் தோழனும் வரவில்லை. இன்று மிகு வேகக் கார்கள் அந்த 155 அடிச் சுற்றை இரண்டு நொடிக்கும் குறைவாக முடிக்கின்றன. அந்த வேகத்தில் காரின் உருவத்தைக் கண் தொடர முடியாது. நிறத்தீற்றல் ஒன்றே தெரியும். பொறியியலில் அது வியத்தகு சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயினும் காரைப் பார்க்க வந்தவர்க்கு அங்கே காணக் கார் இல்லை.

பழமையும் பதிலாளும்

அந்தக் கூடங்களில் சிறுவராய் விளையாடியவர்கள் நரைகொண்டு திரும்பிவந்து தொடங்கியதே பழமைப் பாணிப் பந்தயம். இங்கே விதிகள் வேகத்தைப் பின்னுக்குத் தள்ளுகின்றன. 1950-களிலும் 1960-களிலும் உண்மையாகவே பந்தயக் களத்தில் ஓடிய லோட்டஸ், கூப்பர், ஃபெராரி, சப்பரல், லோலா முதலிய கார்களின் வடிவம் பிறழாமல் இருக்க வேண்டும். ஓட்டுநர் உருவம் ஒன்று உள்ளே அமர்ந்திருக்க வேண்டும். அடிச்சட்டம் அக்காலத்துப் பித்தளைப் பாணியில் இருக்க வேண்டும். மோட்டார் அனைவர்க்கும் ஒருபடித்தாக இருக்க வேண்டும் என்பன போன்றவை பொதுவாகக் காணப்படும் விதிகள். காந்தம் வைப்பதற்குப் பெரும்பாலும் தடை. காரின் அடியில் காந்தம் வைத்தால், பிளாஸ்டிக் பாதையில் பதிந்த இரும்புப் பட்டை அதைக் கீழே இழுத்துப் பிடிக்கும். வளைவில் கார் தெறிக்காது. செய்தவர் திறமை காந்தத்துக்குள் மறைந்துவிடும். மேலும், செம்பு பதித்த மரப்பாதையில் அந்தக் காந்தம் எதையும் பற்றாது. வீட்டுப் பாதையில் வேங்கையாகப் பாய்ந்த கார் வெளியூர்ப் பாதையில் பூனையாகிவிடும்.

இத்தகைய காரைச் செய்பவர்கள் பல நாடுகளில் சிதறிக் கிடந்தனர். ஓர் ஊரில் நால்வர், மற்றோர் ஊரில் இருவர். ஒன்று கூடுவதற்கு வழியில்லை. கடந்த நூற்றாண்டு முடிந்து இந்த நூற்றாண்டு பிறந்த காலத்தில் பதிலாள் பந்தயங்கள் அவர்களிடையே பரவின. மனிதர் செல்ல இயலாவிட்டால் கார் செல்லட்டும் என்பது ஏற்பாடு.

இது முற்றிலும் புதிய கற்பனை அன்று. ரப்பர் முறுக்கால் பறக்கும் மாதிரி விமானங்களுக்கென 1928 முதல் நடைபெற்ற வேக்ஃபீல்டுக் கோப்பைப் போட்டிகளில், கடல் கடந்து வர இயலாதவர்கள் தம் விமானத்தைப் பெட்டியில் அனுப்ப, போட்டி நடக்கும் நாட்டவர் அதைப் பறக்கவிடும் வழக்கம் இருந்தது. ஆயின் அந்த விமானம் கையைவிட்டதும் தானே பறப்பது. விட்டவருக்கு அதன்மேல் பின்னர் ஆட்சி இல்லை. காடிக் கார் அவ்வாறன்று. கடைசிச் சுற்று வரையில் பதிலாளின் விரல் அதன்மேல் இருக்கிறது. ஆதலின் இங்கே ஒப்படைக்கும் நம்பிக்கை மிகப் பெரிது.

பல பாதைகளுக்கு ஒரு கார்

தம் ஊர்ப் பாதை ஒன்றிலேயே ஓட்டுபவர், காலப்போக்கில் அந்தப் பாதைக்கேற்பத் தம் காரைச் செதுக்கிவிடுகிறார். எந்த வளைவில் பலகை சற்று ஏறியிருக்கிறது, எந்த இடத்தில் மின்சாரம் சிறிது தளர்கிறது என்பதெல்லாம் அவர் விரலுக்குத் தெரியும். காரின் குறை ஓட்டுபவர் பழக்கத்தால் மூடப்பட்டுவிடும். பதிலாள் பந்தயத்தில் இந்த மறைவு இல்லை. செய்தவர் கண்டிராத பாதை, அவர் அறியாத விரல், அவர் ஊகிக்க வேண்டிய பருவநிலை.

பற்சக்கரத்தையே எடுத்துக்கொள்ளலாம். மோட்டாரில் உள்ள சிறு சக்கரத்துக்கு 8 பற்களும் அச்சில் உள்ள பெரிய சக்கரத்துக்கு 28 பற்களும் இருந்தால், மோட்டார் மூன்றரைச் சுற்றுச் சுற்றும்போது பின்சக்கரம் ஒருமுறை சுழலும். நீண்ட நேர்பாதை உள்ள கூடத்தில் இந்த விகிதத்தைக் குறைத்தால் உச்ச வேகம் கூடும்; வளைவுக்குமேல் வளைவாக வரும் குறுகிய பாதையில் கூட்டினால் புறப்படும் வேகமும் நிற்கும் திறனும் கூடும். ஒவ்வோர் ஊரிலும் சக்கரத்தை மாற்ற விதி இடந்தருவதில்லை. எல்லா ஊர்க்கும் பொதுவான ஒன்றைச் செய்தவர் முன்கூட்டியே தேர்ந்தாக வேண்டும். எந்த ஊரிலும் முதலிடம் பெறாமல் எல்லா ஊரிலும் இரண்டாம், மூன்றாம் இடங்களைப் பெற்ற கார் மொத்தக் கணக்கில் முதலாவதாக வருவதும் உண்டு.

டயர் இதைவிடத் தொல்லை தருவது. சிலிக்கோன் டயர் தூய வழவழப்பான பாதையில் பிசின் போலப் பற்றும். தூசி படிந்தாலோ வேறு டயர்களின் ரப்பர்ப் படிவு இருந்தாலோ அப்பற்று போய்விடும். யூரிதேன் டயர் தூசியைச் சற்றுப் பொறுக்கும். இயற்கை ரப்பர் ஓட ஓடப் பாதையில் தன்னைத் தேய்த்துப் படிய வைக்கும். அதனால் காலையில் ஓடிய காருக்கும் மாலையில் ஓடிய காருக்கும் பாதை ஒன்றாக இராது. முதலில் ஓடுபவர் பிறருக்காகப் பாதையைத் துடைத்துக் கொடுப்பவர் ஆகிவிடுகிறார். இந்த அநீதியைத் தவிர்க்கக் கார்களின் வரிசையை மாற்றி மாற்றி ஓட்டுகின்றனர். அப்போதும் முற்றும் தீர்வதில்லை.

மின்சாரத்தின் திசையிலும் ஒரு பொறி இருக்கிறது. காடியின் இடப்பக்கம் நேர்முனை என்று ஓர் ஊரிலும், வலப்பக்கம் என்று மற்றோர் ஊரிலும் வைத்திருப்பர். ஒன்றுக்கென இணைத்த காரை மற்றதில் வைத்தால் மோட்டார் எதிர்ப்புறம் சுழன்று கார் பின்னோக்கிப் போகும்! ஆகவே இரு கம்பிகளையும் எளிதில் மாற்றிப் பூட்டத்தக்கதாகக் கார் அமைய வேண்டும். கற்றவர் பலர், முதன்முறை காரை அனுப்பியபோது இதை மறந்தவர்களே.

இவ்வளவையும் எண்ணிச் செய்யும் கார் எப்படி இருக்கும்? மிக வேகமானதாக இராது. நாக்கு காடியில் ஆழ இறங்கியிருக்கும். அடிச்சட்டத்தின் முன்பகுதி கீல் வைத்தது போல அசைந்து, பலகை ஏறி இறங்கினாலும் நாக்கைக் காடியிலேயே வைத்திருக்கும். சிறிது ஈயம், வேண்டிய இடத்தில் மட்டும், ஒட்டப்பட்டிருக்கும். வளைவில் திடீரென்று தெறிக்காமல், பின்பக்கத்தை மெல்ல வீசித் தன் எல்லையை ஓட்டுபவருக்கு முன்கூட்டியே உணர்த்தும். முன்பின் அறியாத விரல் அந்த அறிகுறியைப் புரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? ஆகவே செய்தவர் ஓட்டுநரோடு பேசுவதற்கு அவருக்குள்ள ஒரே மொழி அந்த வீச்சுத்தான். தாமே ஓட்டும்போது இந்தப் பண்பைப் பற்றி அவர் கவலைப்படத் தேவையில்லை. அந்நியர் கைக்கு அனுப்பும்போதே கார் பழகுவதற்கு இனியதாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் வருகிறது. பதிலாள் பந்தயம் கார் செய்யும் கலைக்குச் செய்த பேருதவி இதுவே.

நேர்மை என்னும் இடர்

பெட்டி வந்து சேர்ந்ததும் அவ்வூரார் காரை எடை போட்டு, அடிப்பக்கம் தரையினின்று எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அளந்து, விதிக்கு உட்பட்டதா என்று பார்க்கின்றனர். டயரைத் துடைக்கலாம், அச்சுக்கு ஒரு துளி எண்ணெய் இடலாம், தேய்ந்த செம்புப் பின்னலை மாற்றலாம். உடைந்ததை ஒட்டவும் பொதுவாக இசைவு உண்டு. அதற்கு மேல் கை வைத்தல் ஆகாது. பிறர் காரைத் திருத்தி நன்றாக ஓட்டிவிட வேண்டும் என்ற நல்லெண்ணமும் இங்கே குற்றமே. ஏனெனில் அப்போது வென்றது யாருடைய வேலை என்று சொல்ல முடியாது.

இதனினும் கடினமான சோதனை ஒன்று உண்டு. அவ்வூர் ஓட்டுநரே தாம் செய்த காரையும் அதே போட்டிக்கு அனுப்பியிருக்கலாம். தம் காரை ஓட்டிய அதே விரலால், அடுத்த பத்து நிமிடத்தில், தம்மை வெல்லக்கூடிய காரை ஓட்ட வேண்டும். அவர் சற்றே சோம்பினாலும் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. செய்தவர் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறார். நெறியாளர்கள் இதற்காகச் சில ஏற்பாடுகளைச் செய்கின்றனர். ஒவ்வொரு காரையும் பல ஓட்டுநர் ஓட்டச் செய்து கூட்டுத்தொகை எடுப்பர். சில இடங்களில் ஓட்டுநர் எவரும் தம் சொந்தக் காரைத் தொடுவதில்லை. ஆயினும் இவை யாவும் வேலிகளே. பயிரைக் காப்பது ஓட்டுநரின் மனச்சான்று. கிரேக்கப் பாகனுக்கு எசமானன் முன்னால் இருந்தான், கூலியும் இருந்தது. இந்தப் பாகனுக்கு இரண்டும் இல்லை.

முடிவுப் பட்டியலில் அச்சாகும் பெயர்கள் கார் செய்தவர்களுடையவை. ஓட்டியவர் பெயர் பெரும்பாலும் அடியில் ஒரு நன்றி வரியோடு நின்றுவிடும். கினிஸ்காவின் கல்வெட்டு முறைதான் இன்னும் நடக்கிறது. ஒரு வேற்றுமை உண்டு. கினிஸ்கா குதிரைகளைத் தன் செல்வத்தால் வளர்த்தாள். இவர்கள் காரைத் தம் கையால் செய்கின்றனர். பித்தளைக் கம்பியைத் தாமே வளைத்து, தாமே பற்றாசு வைத்து, மேற்கூட்டுக்குத் தாமே வண்ணம் தீட்டி, ஓட்டுநர் உருவத்தின் கண்ணாடியையும் மயிரிழைத் தூரிகையால் தாமே வரைகின்றனர். ஆகையால் முடி அவர்களுக்கே என்பது தகும். எனினும் முல்லைப் பாட்டின் தலைவனைப் போல ஒரு சொல் பாகனுக்கும் சொன்னால் குறைவு வந்துவிடாது. சில பந்தயங்களில் கார் செய்தவர்கள் பெட்டியினுள்ளே ஓட்டுநருக்கு ஒரு கடிதம் வைப்பதுண்டு: வளைவுக்குள் மெல்ல நுழைக, வெளியே வரும்போது முழுதும் அழுத்துக, இடப்பக்க டயர் சற்று மென்மையானது, என்பன போல.

மாதங்கள் சென்றபின் பெட்டி வீடு திரும்புகிறது. மேற்கூட்டின் மூலையில் கீறல்; நாக்கின் நுனி தேய்ந்திருக்கிறது; செம்புப் பின்னல் வேறொருவர் பூட்டியது. செய்தவர் முதலில் பார்ப்பது பரிசுப் பட்டியலை அன்று. காரைத் தலைகீழாகத் திருப்பி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, எந்த டயர் எந்தப் பக்கமாகத் தேய்ந்திருக்கிறது என்று பார்க்கிறார்.